கோழி விலைக்கு ஒரு கைத்துவக்கு

லண்டனில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சனம் தங்கள் வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு வெறும் மைதானத்துக்குப் போய், காரின் பின்மூடியைத் திறந்துவைத்து விற்கிறது. கார் பூட் சேல் என்று அதற்குப் பெயர். காது உடைந்த கோப்பை, செத்த புருஷன் காலில் போட்ட சப்பாத்து, தட்டினால் மட்டும் பாடுகிற றேடியோ, எல்லாம் பகிரங்கமாக. எங்கள் ஊரில் வீட்டுச் சாமானை விற்பதென்றால் மானம் போகிற காரியம். சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வீட்டின் பின்னால், கோடிப்பக்கத்தால் போய், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாங்குகிறவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விற்க வேண்டும். இங்கே விற்கிறவன் கூவி அழைக்கிறான். எனக்கு அந்த இடம் கோயில் திருவிழாவைவிடப் பிடித்துப்போயிற்று. குட்மேய்ஸில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி டொரீன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். என் வயதுதான், என்னைப் போலவே புருஷனை இழந்தவள். எனக்கு எழுத்து வாசனை இல்லை, ஆங்கிலமும் ஒரு பிடிதான். தமிழ் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு என்னைக் கண்டபிறகுதான் தெரியும். ஆனாலும் இருவரும் ஓயாமல் கதைப்போம். அவள் சொல்வது எனக்குப் பாதி விளங்கும், நான் சொல்வது அவளுக்கு அதிலும் பாதி. அதனால் இதுவரை சண்டை வந்ததில்லை. இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல மருமகள் வதனி எழுதுகிறாள். நான் ‘வாறன், போறன்’ என்றால் அவள் ‘வருகிறேன், போகிறேன்’ என்று எழுதிவிடுகிறாள். எழுதட்டும், சங்கதி மாறாமல் இருந்தால் சரி.

அந்தக் கோடையில் எங்கள் பின்தெருவில் ஒரு தமிழ் வீடு உடைபட்டது. குடும்பத்தோடு கோயில் தேருக்குப் போய்வந்து பார்த்தால் பின்கதவு மல்லாந்து கிடக்கிறது. டீவியைத் தொடவில்லை, கம்ப்யூட்டரைத் தொடவில்லை, நகையை மட்டும் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இந்த ஊர்க் கள்ளனுக்கு மனப்பாடம். வதனி சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கிறாள். தாலிக்கொடியின் பாரம் கழுத்தை இழுக்கிறதென்று கழற்றி என்னிடம் தந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். மகன் நேசன் லொறி ஓட்டுகிறான். இரண்டு பேரும் போனபிறகு வீடும் கொடியும் நானும்தான். அரிசி வாளிக்குள் வைத்தால் கள்ளன் முதலில் அங்கேதான் கை விடுவான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானாக இருந்தாலும் அங்கேதான் விடுவேன். ஆகவே உறைந்த கணவாய் மீன் பொதிக்குள் செருகி ஃப்றீசரில் வைத்தேன். அது நல்ல யோசனைதான். மறந்துபோய்க் கணவாயைக் கொதிநீரில் போட்டதுதான் பிழை. சட்டியின் அடியில் பொன் மின்னியது. வதனி அந்தக் கறியை வாயில் வைக்க மாட்டேன் என்றாள். நேசன் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகுதான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான். தேநீரை ஆற்றிக்கொண்டே, பெரிய விஷயம் இல்லாதது மாதிரி, “அம்மா, தனியா இருக்கப் பயமெண்டால் சொல்லுங்கோ. அக்காவிட்டைக் கொண்டுபோய் விடுறன். அங்கை பகலெல்லாம் ஆக்கள் இருக்கினம்” என்றான். அக்கா என்றால் என் மூத்த மகள் சாந்தி, லண்டனின் மறுகரையில், ஸ்ட்ரெதத்தில் இருக்கிறவள். தங்கமான பிள்ளை. ஆனால் என் இரத்தத்தில் சீனி இருப்பதைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொள்கிறவள். அவள் வீட்டில் தேநீருக்குச் சீனி இல்லை, சோற்றுக்குப் பதில் ஏதோ குருவித் தீனி, நாடகம் பார்த்தால் பிரஷர் ஏறும் என்று டீவியும் இல்லை. டொரீனும் இல்லை. இங்கே நான் வீட்டுக்காரி, அங்கே நான் நோயாளி. எனக்குப் பயமே இல்லையென்று நேசனிடம் சொன்னேன். அவன் போனதும் பின்கதவுக்கு முன்னால் ஒரு மூட்டை அரிசியை இழுத்துவைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்டேன். ஒரு தாடிக்காரன், பழைய பூட்டுகளும் மணிக்கூடுகளும் பரப்பிய பலகை. நடுவில் ஒரு குட்டி றிவோல்வர். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கட்டைக் குழல், மரம் மாதிரிப் பிடி, குண்டு போடுகிற சில்லு விரலால் தட்டினால் சுற்றுகிறது. விலை ஒரு இறைச்சிக் கோழியின் விலைதான். நான் கையில் எடுத்ததும் டொரீன் நெஞ்சில் கை வைத்தாள். தாடிக்காரன் சிரித்துக்கொண்டு, “நொட் றியல், டார்லிங்” என்றான். அது எனக்கு விளங்கியது. உண்மையானதை இந்த நாட்டில் வீட்டில் வைத்திருக்கவே கூடாதென்று நேசன் முன்பே சொல்லியிருக்கிறான். இது பார்வைக்கு மட்டும். இப்படியான பொய்த் துவக்குகளையும் விற்கக்கூடாதென்று பிறகு சட்டம் வந்துவிட்டதாம். இது அதற்கு முந்தின கதை. நான் பாதி விலை கேட்டேன். அவன் இல்லையென்றான். நான் வைத்துவிட்டு நடந்தேன். எங்கள் சந்தையில் அப்படி நடந்தால் பின்னால் ‘எணை அம்மா, வாணை’ என்று கூப்பிடுவார்கள். இந்த மனிதன் எனக்குக் கை காட்டி, போய்வரச் சொல்லி வழியனுப்பினான். அடுத்த ஞாயிறும் வருவான் என்று டொரீன் சொன்னதில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். துவக்கில்லாத பொலிசுக்காரனை நான் வாழ்க்கையில் முதன்முதலாக இந்த நாட்டில்தான் பார்த்தேன். இரண்டு கையையும் வீசிக்கொண்டு பால்காரன் மாதிரிப் போகிறான். சண்டை நடந்த எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி, மரத்துக்கு மரம், துவக்கு இருந்தது. இருந்தும் களவு நின்றபாடில்லை. ஆனால் இங்கே பொலிசிடமும் இல்லை, கள்ளனிடமும் அநேகமாக இல்லை. அப்படியென்றால் இந்தத் தெருவிலேயே ஒரே ஒரு துவக்குக்காரி நானாக இருப்பேன். பொய் என்று எனக்குத் தெரியும், கள்ளனுக்குத் தெரியுமா? வெள்ளைச் சீலையோடு ஒரு கிழவி படியில் நின்று நீட்டினால் அவன் சில்லைச் சுற்றிப் பார்த்துக்கொண்டா நிற்பான்? கண்ணாடிக்கு முன்னால் நின்று வாழைப்பழத்தால் பழகிப் பார்த்தேன். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.

ஆனாலும் பெரிய காரியத்தில் சாமியைக் கேட்காமல் இறங்கக்கூடாது. கல்யாணமா, காணி வாங்குவதா, எதுவென்றாலும் எங்கள் ஆட்கள் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளைப் பூ. சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, விஷயம் தெரியாத ஒரு கையால் ஒன்றை எடுப்பிக்க வேண்டும். முன்வாசல் ரோசாச் செடிகளில் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். என்ன காரியம் என்று வதனி கேட்டாள். “சிவப்பெண்டால் துவக்கு வாங்குறன், வெள்ளையெண்டால் விடுறன். நேசனுக்கு மூச்சு விடாதை” என்றேன். அவள் சரி மாமி என்று தலையாட்டினாள். அவள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே நான் யோசித்திருக்க வேண்டும். அந்த மாலை இரண்டு பொட்டலம் மடித்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்தேன். பிள்ளையாருக்கு வேறு எவ்வளவோ யோசனை. இந்தச் சின்னக் காரியத்தில் அவருக்குக் கஷ்டம் கொடுப்பானேன்?

மறுநாள் காலை இருவரும் வேலைக்குப் போனபிறகு டொரீன் தேநீருக்கு வந்தாள். சூதுவாது தெரியாத கைக்கு அவளைவிட ஆள் கிடைக்காது. பொட்டலம் இரண்டையும் தட்டத்தில் வைத்து நீட்டி, “டேக் வன்” என்றேன். “ஃபோர் மீ?” என்றாள். தலையாட்டினேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. ஒன்றை எடுத்தாள். பிரி என்று சைகை காட்டுவதற்குள் அவள் வீட்டு டெலிபோன் அடித்தது. பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டு, என் கன்னத்தில் ஒரு முத்தமும் தந்துவிட்டு ஓடிவிட்டாள். பரவாயில்லை, எந்தப் பொட்டலமானால் என்ன, இரண்டும் சிவப்பு. சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று நிம்மதியாக இரண்டாவது கோப்பைக்கும் சீனி போட்டேன்.

மத்தியானம் உடுப்புக் காயப்போடப் பின்வளவுக்குப் போனேன். டொரீன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி நன்றி சொன்னாள். பிறகு உள்ளே போய் முட்டை வைக்கிற குட்டிக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதற்குள் நான் கொடுத்த பூ. அதைத் தன் புருஷனின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாளாம். பூ வெள்ளை. நான் ஈரச் சீலையைப் புல்லில் போட்டுவிட்டு ஓடிவந்து மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதுவும் வெள்ளை. சிவப்பை வெள்ளையாக்கிய பிள்ளையாரை நான் கதையில்கூடக் கேட்டதில்லை. தலையில் குட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். முழங்கால் பாதியில் நின்றுகொண்டது. கதிரையைப் பிடித்து எழும்பினேன். பிறகு வாசற்படியில் ஒரு தேங்காய் அடித்தேன். தபால்காரன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றுக்கு வெளியிலேயே நின்றான். பின்னேரம் வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

வதனி வேலையால் வந்து, படியில் தேங்காய்ச் சிரட்டையையும் சாமிப்படத்தடியில் என்னையும் கண்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வடியச் சிரித்தாள்.

“நான்தான் மாமி மாத்தினனான். பிரிச்சுப் பாத்தால் ரண்டும் சிவப்பு. நீங்கள் பிள்ளையாரைப் பேய்க்காட்டி ஏமாத்தலாம், நான் உங்களைப் பேய்க்காட்டக் கூடாதோ?”

“அடியேய், சாமிக் குற்றமடி.”

“ஆரின்ரை குற்றம் எண்டு அவரிட்டையே கேப்பம், வாங்கோ.”

கேட்கப் போகவில்லை. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் ஏன் மாற்றினாய் என்று கேட்டதும் அவள் சிரிப்பு அடங்கியது. போன வருடம் அவளுடைய சிநேகிதி வீட்டுப் பிறந்தநாள் விழாவில் ஒரு சின்னப் பெட்டை நேசனுக்கு நேரே தண்ணீர்த் துவக்கை நீட்டியதாம். இவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றானாம். பகிடி விடுகிறான் என்று எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்களாம். “பகிடி இல்லை மாமி. துவக்கைக் கண்டால் ஊர்ப் பழக்கத்திலை இவரின்ரை கை தானா மேலை போகுது. நான் கிட்டப் போய்த்தான் இறக்கிவிட்டனான்” என்றாள். பிறகு, “இவர் வெள்ளன வேலை முடிஞ்சு வந்து கதவைத் துறக்கேக்கை, கள்ளனெண்டு நினைச்சு நீங்கள் அதை நீட்டினால்?” என்று கேட்டாள்.

நேசன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பனைமட்டையில் ஒரு துவக்குச் செய்தான். அச்சு அசலாகச் செய்திருந்தான், தூரத்தில் நின்று பார்த்தால் எனக்கே திக்கென்றது. மேலே ஆமி ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு திரிகிற காலம். நான் அதைப் பறித்து முறித்து அடுப்பில் வைத்தேன். அவன் அழவில்லை. எரிந்து முடியும்வரை அடுப்படியில் நின்று பார்த்தான். மேலே பறக்கிறவனுக்குப் பொய்த் துவக்கும் மெய்த் துவக்கும் ஒன்று என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை கடல் தாண்டி வந்து, ஒரு கோழி விலைக்கு அது மறந்துபோக இருந்தது.

அந்த ஞாயிறு தாடிக்காரனின் பலகையைத் தாண்டி நடந்தேன். இந்தமுறை அவனே கூப்பிட்டு, பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். நான் அவனுக்கு நன்றாகச் சந்தை பழக்கியிருக்கிறேன். நோ, தேங்க்யூ என்று சொல்லிவிட்டு, அவன் எனக்குக் காட்டியது மாதிரியே கையும் காட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் டொரீனுக்கு என் பயத்தைச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அது “டே, அலோன், தீஃப்” என்ற மூன்று சொல்தான். அவள் “மீ டூ” என்றாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பொரிக்கிற இரும்புத் தாச்சி வைத்திருக்கிறாளாம். பஸ்ஸில் எழும்பி நின்று அதை வீசியும் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னை எங்கள் முன்னறைச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்தானாம், பாதி எங்களுடையது, பாதி அவளுடையது. ஊரில் இரண்டு வீட்டுக்கு நடுவில் தென்னோலைக் கிடுகுவேலி இருக்கும், வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டும் இருக்கும். ஒரு சுவரை இரண்டு பேர் வைத்திருப்பதை நான் இங்கேதான் கண்டேன். இப்போது எல்லாரும் வேலைக்குப் போனபிறகு அவள் தட்டுவாள், நான் திருப்பித் தட்டுவேன். பதில் வராவிட்டால் மற்றவள் தாச்சியோடு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். நேசன் மறுபடியும் ஸ்ட்ரெதம் பேச்சை எடுத்தபோது, நான் போனால் அந்த மனுஷி ஆருக்குத் தட்டுவாள் என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் சாய்வுக் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். அவள் தட்டினால் கை பதில் தட்டுவதற்கு முன்னால், வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்ட குரலுக்குச் சொல்வது மாதிரி, “ஓம், இருக்கிறன்” என்று வாய் சொல்லிவிடுகிறது. என் பாதிச் சுவர் அதைக் கேட்கிறது. டொரீனின் பாதியில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.