தம்பி பெட்டியில் அடுத்தவர் பேர்

அன்றைக்கு அங்கே இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற ரிட்டயர்டு ஹவில்தார், மீன்பிடி போட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், ஐஸ் ஃபேக்டரி முதலாளி. வேறு யாரும் இல்லை. ஊரே திரண்டு வந்தது என்று முதலாளி சொல்லிக்கொண்டு திரிகிறார். ஊர் மறுநாள் திறப்பு விழாவுக்குத்தான் வந்தது. வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனது.

மியூசியம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். காசிமேட்டில் வலை போட்டு வைத்திருந்த பழைய கிடங்கு. எங்கள் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய் சண்டையில் செத்தவர்களின் போட்டோ, மெடல், பூட்ஸ் எல்லாம் ஹவில்தாரும் அவரோடு ரிட்டயர் ஆன நாலைந்து பேரும் வீடு வீடாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் கொடுத்தது என் தம்பியின் டிரங்குப் பெட்டி.

தம்பி வடக்கே மலையில் நடந்த சண்டையில் செத்தான். இருபத்தைந்து வருசம் தாண்டிவிட்டது. கடைசி லீவில் வந்தபோது, தரையில் உட்கார்ந்து அந்தக் கறுப்புப் பெட்டி மூடியில் வெள்ளை பெயிண்டால் அவனே எழுதினான். மேலே இங்கிலீஷில் நம்பரும் பேரும். கீழே தமிழில் பேரும் ஊரும். இடம் பத்தாமல் திருவொற்றியூரின் கடைசி எழுத்துகள் மூடியின் ஓரத்தில் மடங்கி இறங்கிவிட்டன.

"பட்டாளத்துல எவன்டா தமிழ் படிப்பான்?" என்று கேட்டேன்.

"பொட்டி மட்டும் தனியா வந்தா நீ படிக்கணும்ல" என்றான்.

நான் ஏழாவதோடு நின்றவள். இங்கிலீஷ் வராது. ரெண்டு பேரும் சிரித்தோம். முதலில் அவன் வந்தான், கொடி போர்த்தி. பெட்டி பிறகு ரயிலில் தனியாக வந்தது. படித்தேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். கடல் காற்றில் பெட்டியின் அடி அரித்துக்கொண்டே வந்தது. எண்ணெய் தடவினேன், சாக்கு போட்டுச் சுற்றினேன், துரு ஒன்றுக்கும் கேட்கவில்லை. அதனால்தான் மியூசியத்துக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் தூக்கம் இல்லை. அண்ணே துரு பாருங்க, அண்ணே மழை ஒழுகுதா பாருங்க என்று வாராவாரம் போன் போட்டு ஹவில்தாரின் உயிரை எடுத்தேன். அவரும் பார்த்தார். பெயிண்டரைக் கூப்பிட்டார்.

திறப்புக்கு முந்தின நாள் எங்களை வரச் சொன்னார்கள். பெயிண்டர் துணியை எடுத்தார். நீலப் பெட்டி. விளிம்பு முழுக்க மஞ்சள் பட்டை. புது விசைப்படகு போல மினுமினுத்தது.

"இன்னாக்கா, எப்டி கீது? இரும்பு தெரியற வரைக்கும் சொரண்டிட்டேன். ஒரு பொட்டு துரு இல்ல. திரும்ப துரு ஏறாம ரெட் ஆக்ஸைடே ரெண்டு வாட்டி அட்ச்சேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மீன்பிடித் தடைக் காலம் முடிவதற்குள் எல்லாப் போட்டையும் சுரண்டி, புதுசாகப் பெயிண்ட் அடித்து, பேரை நிழல் விட்டு எழுதித்தான் கடலில் இறக்குவார்கள். பழைய பெயிண்டோடு ஒரு போட்டு நின்றால் அந்த வீடே நொடித்துப்போனது என்று பேசுவார்கள். அந்த மரியாதையைத்தான் என் தம்பிக்கும் செய்திருக்கிறார். தம்பி பேரையும் சிவப்பு நிழல் விட்டு அழகாகத்தான் எழுதியிருந்தார். என் தம்பியின் கையெழுத்து வாரிக் கொட்டிய தூளோடு போய்விட்டது. அதற்கு நான் யாரை அடிப்பது?

ஆனால் திருவொற்றியூர் இருந்த இடத்தில் வேறு ஒன்று எழுதியிருந்தது. உபயம் என்று போட்டு, ஐஸ் ஃபேக்டரி முதலாளியின் பேர். தம்பி பேரைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"கோயில் டியூப் லைட்டா இது?" என்று கேட்டேன்.

"பெயிண்டு, கூலி எல்லாம் நம்ம காசு தங்கச்சி" என்றார் முதலாளி. "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான நாளைக்கு இன்னொருத்தன் குடுப்பான்."

ஹவில்தார் தரையைப் பார்த்தார். "பென்சன் காசுலதாம்மா கரண்டு பில்லே கட்றோம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வேணும்னா அந்த எடத்துல ஒரு மாலையப் போட்டு மறைச்சிடலாம்." என் வீட்டுக்காரர் என் காதில், "வுட்றீ, பேஜாரு பண்ணாத, பெரிய மனுசன்" என்றார்.

மாலை எத்தனை நாளைக்கு? வாடினால் தெரியாதா?

திறப்பு விழா முடிந்த வாரம், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். நான் மூலையில் நின்றிருந்தேன். ஒரு பெண் மூடியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு டீச்சரிடம் கேட்டாள்: "மிஸ், சண்டைல செத்துப்போனது இந்த உபயமா?" டீச்சர் சிரிப்பை அடக்கினார். அங்கிருந்து நேராக ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன்.

"அந்தப் பேர அழிங்க."

"நாலாயிரம் குடுத்திருக்கேன். சொம்மாவா பேர் போடுவாங்க?"

"எங்க வூட்டுப் புள்ள உசிரையே குடுத்திருக்கான். நாங்க எங்க போட்டோம் உபயம்னு?"

அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "பேச்சப் பாரு. சரிம்மா, நாலாயிரத்தக் குடு. நானே ஆள வுட்டு அழிக்கிறேன். மொத்தமும் கைக்கு வந்தப்புறம்."

நான் இறால் உரிக்கும் கம்பெனியில் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவள். அவருடைய ஒரு லோடு ஐஸ் காசு அது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். கூலி வருகிற சனிக்கிழமைகளில் முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் எச்சில் தொட்டு எண்ணி வாங்கிக்கொள்கிறார்; ஒரு தடவையாவது வேண்டாம்மா என்று சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. முடிப்பதற்குள் அவர் செத்துவிட்டால், அவர் மகன் பணமே வரவில்லை என்று சாதித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூட்டிப்போகிறேன். அவர் வாசலிலேயே நின்றுகொள்கிறார்.

பெயிண்டர் பிரஷ்ஷோடு தயாராக இருக்கிறார். கூலி வேண்டாம் என்கிறார். உபயத்தை மறைக்கக் கறுப்பும், மேலே எழுத வெள்ளையும் வாங்கி வைத்துவிட்டார். அந்த இடத்தில் திருவொற்றியூர் என்று நானே என் கையால் எழுதப்போகிறேன், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. முதலாளிக்கு நான் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நானூறு ரூபாய்.