மலையைச் சுற்றிய பிரிண்டர்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருக்கும் அக்காவை டோக்கன் அச்சடிக்கும் புளூடூத் பிரிண்டர் வாங்க வைத்தவன் நான். அதற்குப் புரோகிராம் எழுதிய மேதையும் நானே. கடை லேப்டாப்பின் இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு வந்த பௌர்ணமியில், கூட்டம் நெரியும் வேளையில், பிரிண்டர் ஊமையாகிவிட்டது. திரையோ ‘இணைப்பு உள்ளது’ என்று சாதித்தது.

“அடுத்த பௌர்ணமிக்கும் இப்படியே பண்ணிச்சுன்னா, இத்த உன் கழுத்துலயே கட்டி அனுப்பிடுவேன் தம்பி” என்றார் அக்கா.

இயங்குதளத்தை உருவாக்குபவர்களுக்குப் புகார் எழுதினேன். ‘எங்களிடம் அப்படி ஆகவில்லை. என்ன செய்தால் ஆகிறது?’ என்று பதில் வந்தது. என் வீட்டு மேசையிலும் ஆகவில்லை. இட்லி டோக்கன்தான் குவிந்தது, இட்லி வரவில்லை.

விடுவேனா? கடையிலேயே போய் உட்கார்ந்தேன். “அன்னிக்கு என்னக்கா பண்ணீங்க?”

“இடுப்புல மாட்டிக்கினு வரிசையில டோக்கன் கிழிச்சுக் குடுத்தேன். வரிசை ரோட்டுல போயிட்டே இருந்துச்சு, நானும் போயிட்டே இருந்தேன்.”

நானோ அதை மேசையைவிட்டு நகர்த்தியதே இல்லை! ஒரு டோக்கன் அடித்துப் பார்த்துவிட்டு, பிரிண்டரைக் கழுத்தில் மாட்டி, கிரிவலப் பாதையாயிற்றே என்று செருப்பைக் கடையிலேயே விட்டு நடந்தேன். புளூடூத் எட்டாத தூரம் வந்ததும் திரும்பினேன். பூ விற்கும் அம்மா மறித்தார்.

“இன்னாப்பா எதிர்ல வர்ற? வலம் கெளம்பிட்டு பாதியில திரும்பலாமா?”

“மிஷின டெஸ்ட் பண்றேம்மா.”

“அதுக்கும் புண்ணியந்தான். போ.”

கடை வாசலிலிருந்து அக்காவும் ‘போ, போ’ என்று கையாட்டினார். மலையை முழுதாகச் சுற்றினேன்.

பாதம் கொப்புளித்துக் கடைக்கு வந்து டோக்கன் அடித்துப் பார்த்தால், திரையில் அதே ‘இணைப்பு உள்ளது’. பிரிண்டரில் சத்தமே இல்லை. “அடிக்கல! அடிக்கல!” என்று குதித்தேன்.

“கெட்டுப்போனதுக்கு இவ்ளோ சந்தோஷப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்றார் அக்கா.

அப்போதுதான் புரிந்தது: தூரம் போனதும் அறுந்த பழைய இணைப்பை இயங்குதளம் மூடாமலே வைத்திருக்கிறது. அதனால் புதியதைத் திறக்க முடியவில்லை. செய்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன்: இணைக்கவும், மலையைச் சுற்றவும், திரும்பி வந்து அச்சடிக்கவும்.

பதில் வந்தது: ‘இப்போது எங்களிடமும் ஆகிறது. நன்றி. மலை அவசியமில்லை, பக்கத்து அறை போதும்.’

பௌர்ணமிக்கு முன்பே திருத்தம் வந்துவிட்டது. பௌர்ணமியன்று அக்கா பிரிண்டரோடு வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். பிரிண்டர் கிர்ரென்றது. வந்த முதல் டோக்கனைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

“இந்தா தம்பி. போய் வரிசையில நில்லு.”