மகனுக்கு வைத்த கூழ்

யுத்தத்தில் ரங்கூனை விட்டு நடந்தே தப்பிய என் மகன், வழியில் மனைவியைப் பறிகொடுத்து, குழந்தையைத் தோளில் சுமந்து வரதராசன்பேட்டைக்கு வந்து சேர்ந்தான். எங்களோடு இருந்தும் மனம் தெளியவில்லை; திடீரென்று கத்துவான், சட்டியை உடைப்பான். மருந்து கொடுத்தால் துப்பிவிடுவான். அதனால் வைத்தியர் தந்த தூக்கப் பொடியை அவனுக்குத் தெரியாமல் கூழில் கலந்து வைத்துவிட்டு, நானும் என் மனைவியும் ஊருக்கு வெளியே எங்கள் கொல்லைக்காட்டுக்குக் களையெடுக்கப் போனோம்.

திரும்பினால், பேத்தி அவன் தோளில் துவண்டு கிடந்தாள்.

"பசின்னு அழுதா. என் கூழைக் குடுத்துட்டேன்" என்றான். வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தபடி, "இன்னும் கொஞ்ச தூரந்தான் கண்ணு" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வைத்தியர் வந்து பார்த்தும், சாயங்காலம் அவள் கண் திறக்கும்வரை எங்கள் உயிர் எங்களிடம் இல்லை.

இப்போது எதிலும் எதையும் கலப்பதில்லை. "மருந்துடா" என்று சொல்லியே கையில் கொடுக்கிறோம். பல நாள் துப்புகிறான். துப்பட்டும்.