வாட்ச்மேன் அணைக்காத விளக்கு

பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு ஓர் அறையைவிட்டு வெளியே வரும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். பாதிச் சாப்பாட்டில் இருந்த மனைவியை இருட்டில் உட்காரவைத்த புண்ணியவான் அவர். படுக்கப் போகுமுன் வீட்டு இன்டர்நெட் பெட்டியான ரவுட்டரையும் அணைத்துவிடுவார். அதனால் ராத்திரியில் தானாக வரவேண்டிய அப்டேட் ஒன்றுகூட அதற்கு வந்ததில்லை.

ஒரு நாள் காலை மகள் அதைக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, இதோட பழைய சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்கு. எங்கேயோ இருக்கிறவன் உள்ள புகுந்துடலாம். இப்ப நானே அப்டேட் போடறேன். நடுவுல அணைச்சீங்கன்னா பெட்டியே போயிடும். இனிமே ராத்திரியிலயும் அணைக்காதீங்க."

ஊரார் பிள்ளைகளுக்காகக் கேட்டைக் காப்பவரின் சொந்த வீட்டில் வாசல் திறந்து கிடந்திருக்கிறது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ரவுட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

விளக்கு பச்சையானது.

"அடைச்சாச்சுப்பா. யாரும் புகுந்த மாதிரியும் தெரியல."

போன உயிர் திரும்பி வந்தது. எழுந்தார். கை, அறை விளக்குக்கும் ரவுட்டருக்கும் சுவிட்ச் இருந்த பலகையை நோக்கி நீண்டது. "சும்மா கிட!" என்று கையை அதட்டிவிட்டு, அறை விளக்கையும் எரியவிட்டே வெளியே வந்தார்.

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். "நான் சாப்பிடறப்ப எரியாத விளக்கு, பெட்டிக்கு மட்டும் எரியுதோ?"