ஏழு மணி ஓடிபி

கொக்கிலமேட்டில் ரேணுகாவின் வீட்டு மாடியில் மூன்று அறைகள். மாமல்லபுரத்தில் இடம் கிடைக்காதவர்களும், கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்க வருகிறவர்களும் அங்கே தங்குவார்கள். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், நாலு வெப்சைட்டில் அறைகளைப் போட்டு, போட்டோ ஏற்றி, வருகிறவர்களுக்கு வஞ்சிரமும் வறுத்துப் போட்டு நல்ல பெயர் வாங்கிவிட்டாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் புருஷன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். பொங்கல் லீவில் மாடி நிரம்பிவிட்டது. புருஷன் கண்ணாயிரம் ஒரு வாரம் தங்கி மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தான். கீழே தாங்கள் படுக்கும் அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று அதையும் நாலாவது அறையாக ஏற்றிவிட்டாள். அவனோ ஒரு நாள் முன்னதாகவே கரைக்கு வந்தான். உப்புத் தண்ணீர் காயாத உடம்போடு கதவைத் திறந்தால், அவன் கட்டிலில் யாரோ ஒருத்தர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"என் வூட்ல எனக்கே எடம் இல்லியா?" என்றான்.

ஒரு வார்த்தை தணிந்து பேசியிருக்கலாம். ரேணுகாவுக்கா தணிவு வரும்? "ஒரு நாளு பாயில படுத்தா இன்னா கொறஞ்சி பூடுவ?" என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறியவன், மேற்குக் கடற்கரையில் மால்பே துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறான். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் படிக்கும் மகளிடம் தினமும் பேசுவான். ரேணுகாவிடம் பேச்சு கிடையாது. ஓடிபி மட்டும்தான்.

அது எப்படி என்று கேட்பீர்கள். நம்மூர்ப் பெண்களிடம் எதற்கு போன் நம்பர் கேட்டாலும் வாயில் முதலில் வருவது புருஷன் நம்பர்தானே. ரேஷன் கார்டா, கேஸா, பிள்ளை பள்ளிக்கூடமா, எல்லாவற்றுக்கும் அதுதான். நாலு வெப்சைட்டிலும் ரேணுகா அப்படித்தான் கொடுத்திருந்தாள். உள்ளே போகும் ஆறு இலக்க எண் தினமும் மால்பேவில் இருக்கும் அவன் போனுக்குப் போனது. நம்பரை மாற்ற வழி இருந்தது. அவள் மாற்றவில்லை.

காலை ஏழு மணிக்கு அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவனைக் கூப்பிடுவாள். "அனுப்பிக்கீது பாரு," என்பாள். அவன் ஒவ்வொரு எண்ணாகப் படிப்பான். "நாலு, சைபர், ஏழு..." முடிந்ததும் "போதுமா?" என்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவனுக்குச் சளி பிடித்திருக்கிறதா, சரியாகத் தூங்கினானா, கோபம் கொஞ்சமாவது இறங்கியிருக்கிறதா என்று அவள் கணக்குப் போடுவாள். சில நாள் நம்பர் சரியாகப் போட்டு உள்ளே போன பிறகும், "டைமு ஆயிடுச்சி, இன்னொன்னு வரும், படி," என்று பொய் சொல்லி மறுபடி அனுப்ப வைப்பாள். அவனும் மறுக்காமல் படிப்பான். வெட்கம்கெட்ட ஆசைதான், என்ன செய்ய?

இப்படியே ஓடியிருக்கும். போன மாதம் அவன் ஒரு படகின் எஞ்சினைச் சோதிக்கக் கடலுக்குள் போனான். மூன்று நாள் சிக்னல் இல்லை. ரேணுகா வெப்சைட்டுக்குள் போக முடியவில்லை. யார் புக் செய்திருக்கிறார்கள் என்றே தெரியாமல், நேரில் வந்து கேட்ட திருச்சிக்காரர்களுக்கு மூன்று அறையையும் கொடுத்துவிட்டாள். மத்தியானம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, வெப்சைட்டில் புக் செய்த ரசீதைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றது. அந்தப் பச்சைப்பிள்ளை வெயிலில் வீறிட்டதில் அவளுக்கு மானம் போய்விட்டது. தன் கட்டிலறையைத் திறந்து விட்டுவிட்டு வராந்தாவில் படுத்தாள். பாயில் படுத்தால் என்ன குறையும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து மீன் வாங்க வரும் அனுவிடம் சொல்லி அழுதாள். அனு ஐடி கம்பெனியில் வேலை செய்கிற பெண்.

"இவ்ளோதானேக்கா? வெப்சைட்டுல மனுஷங்களுக்கு ஒரு வாசல் இருக்கிற மாதிரி புரோகிராமுக்கும் ஒரு வாசல் இருக்கு. ஏபிஐன்னு சொல்லுவோம். நீங்க ஒரே ஒரு தடவ ஓடிபி போட்டு சம்மதம் குடுத்தா அது ஒரு டோக்கன் தரும். அதக் காட்டி நான் எழுதுற புரோகிராம் தானா உள்ள போயிடும். டோக்கன் பழசானா அதுவே புதுசு வாங்கிக்கும்."

"அப்பால ஓடிபி?"

"வேணவே வேணாம்க்கா. அண்ணன தொந்தரவு பண்ணாம நிம்மதியா இருங்க."

ரேணுகா சரி என்று தலையாட்டினாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்? அந்தக் குழந்தையின் அழுகை காதை விட்டுப் போகவில்லை.

இரண்டு வாரத்தில் அனு எழுதி முடித்தாள். சம்மதம் கொடுக்க நாலு ஓடிபி வேண்டியிருந்தது. கண்ணாயிரம் நாலையும் படித்தான். வழக்கம்போல் "போதுமா?" என்றான்.

"போதும். இனிமே கேக்க மாட்டேன். மிஷினே உள்ள பூடும்," என்றாள்.

"நல்லதாப் போச்சி," என்று வைத்துவிட்டான்.

அந்த வார்த்தையை அவள் நாள் பூராவும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் சளியும் இல்லை, கோபமும் இல்லை. வேறு என்ன இருந்தது என்று பிடிபடவில்லை. பாவி மனுஷன், ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் என்ன?

மறுநாள் காலை ஏழுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நாலு வெப்சைட்டின் புக்கிங்கும் ஒரே பட்டியலாக, தேதி வாரியாக நின்றது. ஒரு குறையும் இல்லை. செய்ய வேலையும் இல்லை. டீ போட்டாள், குடிக்கவில்லை. ஏழேகால் ஆயிற்று. கூப்பிடக் கை போனது, கூப்பிட்டால் என்ன சொல்வது என்று நின்றது. இரண்டு வருஷமாக ஆறு இலக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே பேசியவளுக்கு ஒளிய ஒன்றும் மிச்சமில்லை. ஏழரைக்கு நம்பரைத் தட்டினாள்.

முதல் மணி முடியும் முன்பே எடுத்தான்.

"ஒண்ணும் வரலியே," என்றான். "ஏழு மணி புட்ச்சி போனையே பாத்துகினு கீறேன்."

"நம்பருக்குக் கூப்டல."

அவன் பக்கம் எங்கோ ஒரு எஞ்சின் முக்கிக்கொண்டிருந்தது. வைத்துவிடுவானோ என்ற பயத்தில் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். "உன் கட்டில உன்ன கேக்காம குட்த்தது தப்புதான்யா. அத வுட தப்பு அன்னிக்கு நான் பேசுன பேச்சு. வூட்டுக்கு வந்துடு."

எஞ்சின் சத்தம் நின்றது. அவனே போய் நிறுத்தியிருப்பான் போல.

"சொல்றதுக்கு ரெண்டு வருசமா?" என்றான்.

"சொல்ல வரல."

"எனக்கும் கேக்க வரல."

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"நாளிக்கும் ஏழு மணிக்கு போனு போடு," என்றான்.

"இன்னாத்துக்கு? அதான் மிஷினே பாத்துக்குதே."

"தெரியும். போடு."