நிச்சயத் தட்டுக்கு இரண்டாவது டேக்

ஆரம்பாக்கம் பரணிதரன் பெரிய இயக்குநர். இன்னும் ஒரு படமும் எடுக்கவில்லை, அது வேறு விஷயம். சென்னையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு. ஃபீஸ் கட்டியதும் கேமரா வாங்கித் தந்ததும் அக்கா புவனேஸ்வரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏழு வருடமாக நின்றபடியே பேக்கிங் செய்கிறவள்.

காதலி சோனியா, "நமக்குள்ள ஒத்து வராது பரணி" என்று அழுதபோதுகூட, "ஜன்னலாண்ட நின்னு இன்னொருவாட்டி சொல்லு, மூஞ்சில லைட்டே இல்ல" என்ற கலைஞன் அவன். அவள் இன்னொரு முறை சொல்லாமலே போய்விட்டாள்.

இந்தத் தை மாதம் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை மதிவாணன், ஷிஃப்ட் பஸ்ஸில் அவளுக்காக ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைக்கிறவன். அவன் அம்மா துர்காதேவியைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம் பிடித்தது. பரணிக்கோ ப்ராஜெக்ட் படம் கொடுக்க வேண்டிய மாதம். நிச்சயத்தையே படமாக்கிவிட்டால் நடிகர்களைத் தேடி அலைய வேண்டாமே!

நல்ல நேரத்தில் இரு வீட்டாரும் தட்டு மாற்றினார்கள்.

"கட்! அத்தே, மூஞ்சில ஃபீலிங்கே வர்ல. இன்னொருவாட்டி."

யாரும் தடுக்கும் முன், மாப்பிள்ளை வீட்டுத் தட்டை அப்பா கையிலிருந்து வாங்கி, துர்காதேவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான் மகராசன்.

"குட்த்த தட்டு திரும்பி வந்தா இன்னா அர்த்தம் தெரியுமாடா?"

"தெரியும் அத்தே. ரீடேக்கு."

துர்காதேவி தட்டோடு எழுந்தாள். மகனையும் இழுத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

"டேய் பரணி, ஓடுடா! கால்ல வுழுந்தாவது நிறுத்துடா!" அக்கா கதறினாள்.

தம்பி ஓடத்தான் ஓடினான். வேனை நோக்கி அல்ல, அக்காவை நோக்கி.

"அப்டியே அழுதுகினே இரு, அக்கா. கேமராவ மட்டும் பாக்காத."

அக்கா நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

கல்லூரி விழாவில் முதல் பரிசு. "யாருப்பா அந்தப் பொண்ணு? நடிப்புன்னே தெரியல" என்றார் நடுவர். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஆவணியில் அப்பாவின் ஃபோனிலிருந்து ஒரு படம் வந்தது. திருப்பாச்சூர் கோயிலில் மாலையும் கழுத்துமாக அக்காவும் மதிவாணனும். அம்மா கையால் சாப்பிடாமல் ஆறு மாதம் கிடந்து சம்மதம் வாங்கினானாம் பிள்ளை. தம்பியைக் கூப்பிடக் கூடாதென்று நிபந்தனை போட்டது துர்காதேவி அல்ல, அக்கா.

படத்தில் ஃபோகஸ் இல்லை. ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல். பரணியின் கண் முதலில் அதைத்தான் பிடித்தது. வீட்டுப் படங்களில் அவன் என்றைக்கும் இருந்ததில்லை, எடுக்கிறவன் அவன்தானே. இதில் அந்தக் கட்டைவிரல்கூட அவனுடையது இல்லை.