எஸ்தர் இழுத்த பாட்டு

சனிக்கிழமை காலை, பசாரில் மீன்காரரோடு நான் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது போதகரின் மனைவி போனில் அழைத்தார். “கிரேஸ் அக்கா, எஸ்தர் அக்கா போய்ட்டாங்கக்கா.”

“எங்க போய்ட்டா? சாயங்காலம் பாட்டுப் பயிற்சி இருக்குல்ல?” என்று சிடுசிடுத்தேன். மறுமுனையில் அழுகைதான் வந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவள் கிளேபாங் சாலையோரக் கடையில் வடை சுட்ட எஸ்தர். ஜாசின் பக்கம் அவளோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு, அவள் மூன்றாவது பெஞ்சுக்காரி. நம் சபையில் நான் இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். அந்த இருபது வருடமும் அவள் என் பிராணனை வாங்கினாள். சுருதி சேராது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பிடித்து இழுப்பாள். அவள் விடும்வரை சபையே அடுத்த வரிக்குப் போகாது.

“ஏண்டி, பாட்டு பாடுறியா, லோரி இழுக்கிறியா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“மெதுவா போனா என்னா லா? ஆண்டவரு பஸ் புடிக்கணுமா?” என்றாள்.

அப்படிப்பட்டவளின் வாய் ஒருநாள் மூடிக்கொண்டது. அவளுடைய ஒரே மகன் டேனியல், ஆயர் குரோவில் வேலை முடிந்து திரும்பும் வழியில் மோட்டார் விபத்தில் இறந்தான். அடக்கத்துக்குப் பிறகும் அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாள். அதே பெஞ்சில் எல்லோரோடும் எழுந்து நின்றாள். ஆனால் பாடவில்லை. கீபோர்டிலிருந்து பார்த்தால் அந்த மூடிய உதடுகள் நேராக என் கண்ணில் படும். அவள் இல்லாமல் பாட்டு வேகமாக ஓடியது. ‘விசுவாசம் போச்சு’ என்று சிலர் முணுமுணுத்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் அப்படித்தான் பயந்தேன்.

ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போனேன். ஆறுதலாக, பொறுத்துக்கொள் என்பதற்கு நம் ஊரில் எல்லோரும் சொல்கிற மலாய்ச் சொல்தான் வாயில் வந்தது. “கொஞ்சம் தாஹான் பண்ணிக்கோ, எஸ்தர்.”

கரண்டியை எண்ணெய்ச் சட்டியில் போட்டாள். “நானா? என்னால தாஹான் பண்ண முடியல லா! தெனமும் ஆண்டவரத் திட்டுறேன். வாயில வர்றதெல்லாம் சொல்லித் திட்டுறேன். அவருதான் என்னைத் தாஹான் பண்றாரு.”

“அப்புறம் ஏன் கோயிலுக்கு வர்ற?”

“வேற எங்க போயித் திட்டுறது? அவரு வீடு அதான?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளை விசுவாசம் இல்லாதவள் என்று நினைத்த என் வாயில் இரண்டு வடையைத் திணித்து அனுப்பினாள்.

பதினோரு மாதம் அப்படியே போயிற்று. அதற்குள் என் வீட்டிலும் இடி விழுந்தது. சர்க்கரை நோய் முற்றி என் கணவரின் வலது காலை எடுத்தார்கள். அந்த ஞாயிறும் வீம்புக்காக வாசிக்கப் போனேன். இரண்டாவது பாட்டின் நடுவில் விரல்கள் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கால் இருந்த இடத்தில் தட்டையாகக் கிடந்த போர்வைதான் கண்ணுக்குள் நின்றது. சபை ஒவ்வொருவராகப் பாடுவதை நிறுத்தியது.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து அந்தச் சுருதி கெட்ட குரல் எழுந்தது. விட்ட வரியைப் பிடித்து, கடைசிச் சொல்லை ஆசை தீர இழுத்தாள். சபை அவள் பின்னால் போனது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் கேட்டேன்: “சண்டை முடிஞ்சிருச்சா?”

“யாரு சொன்னா? இன்னும் இருக்கு. ஆனா இப்ப உன் முறை. நீ திட்டு, நான் பாடுறேன்.”

அதற்குப் பிறகு அவள் பாடாத ஞாயிறே இல்லை. சண்டை எப்போது தீர்ந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய அடக்க ஆராதனையில் நான்தான் வாசித்தேன். முதல் வரி முடிந்தது. என்னையறியாமல் கை காத்திருந்தது, அவள் இழுத்து முடிக்கட்டும் என்று. அந்த இடத்தில் சபை முழுவதும், சின்னப் பிள்ளைகள்கூட, கடைசிச் சொல்லைப் பிடித்து அவளைப் போலவே இழுத்தது. கேட்கச் சகிக்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த இழுவைதான் அவளிடமிருந்து எனக்கு மிச்சம். இனி ஒவ்வொரு வரியிலும் அதற்கு இடம் விட்டே வாசிப்பேன். அவளை இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டுக்கொண்டதற்கு, ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்கே போய்த் திட்டவும் போகிறேன். தாஹான் பண்ணட்டும். எஸ்தரிடம் அவருக்குப் பழகியிருக்கும்.